மில் மீட்டர்களை வெப் திரைக்குக் கொண்டுவருவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

கோவைப் பக்கம் ஒரு நடுத்தர நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பேனல்களில் இருக்கும் 14 எனர்ஜி மீட்டர்களை ஒரே வெப் திரையில் பார்க்கும்படி செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. விஷயம் தெரிந்து இறங்கியிருந்தால் பத்து வாரத்தில் முடிந்திருக்கும். மீதி மாதங்களைத் தின்றது எது எது என்று எழுதி வைத்தால், அடுத்து இறங்குபவருக்காவது உதவும்.

முதலில் அமைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேனலில் மீட்டர். மீட்டரிலிருந்து இரண்டு வயர் போகும், அதற்கு ஆர்.எஸ்.485 என்று பெயர். அந்த வயரில் மாட்பஸ் என்ற மொழியில் எண்கள் வரும். கேட்வே என்ற சின்னப் பெட்டி அதை வாங்கி நெட்வொர்க்கில் விடும். ஒரு கம்ப்யூட்டர் அதைச் சேமிக்கும். நீங்கள் பிரவுசரில் பார்ப்பீர்கள். விற்க வருபவர் எல்லோரும் கடைசியில் இருக்கும் திரையைத்தான் காட்டுவார்கள். உங்களுக்குத் தலைவலி வரப்போவது முதல் இரண்டு இடத்தில்.

1. மென்பொருளுக்கு முன் இ.பி. பில்

கடந்த 12 மாத எச்.டி. (உயர் மின்னழுத்த) பில்லை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அக்கவுன்ட்ஸில் கேட்டால் மொத்தத் தொகை மட்டும் சொல்வார்கள். உங்களுக்கு முழுப் பில்லும் வேண்டும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, கான்ட்ராக்ட் டிமாண்ட் (இ.பி.யோடு ஒப்பந்தம் போட்ட அதிகபட்ச லோடு) எவ்வளவு, மாதாமாதம் பதிவான மேக்ஸிமம் டிமாண்ட் (அந்த மாதம் எட்டிய உச்ச லோடு) எவ்வளவு. தமிழ்நாட்டில் பதிவான டிமாண்ட், அல்லது கான்ட்ராக்ட் டிமாண்டில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். எங்கள் கான்ட்ராக்ட் டிமாண்ட் 600 கேவிஏ (லோடை அளக்கும் அலகு). அதாவது மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 540-க்குக் கட்டணம் உண்டு. 600-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரட்டிப்பு வீதம். 2022 செப்டம்பரில் கேவிஏ ஒன்றுக்கு மாதம் 550 ரூபாய் என்று வைத்தார்கள், அதன் பிறகு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டாவது, பீக் அவர். காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை ஓடும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் என்று அதே 2022 கட்டண ஆணையில் வந்தது. இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. மூன்றாவது, பவர் ஃபேக்டர், அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம். 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம்.

இந்த மூன்றில் உங்கள் பணம் எதில் போகிறது என்று தெரிந்தால்தான் எதை அளப்பது என்று தெரியும். நான் இதைச் செய்யாமல் நேராக டெமோ பார்க்கப் போனேன். டெமோவில் எல்லாமே தேவை போலத் தோன்றும்.

2. லைன் டயக்ராமும் ஒரு நடையும்

தேவையான காகிதங்கள்: மில்லின் சிங்கிள் லைன் டயக்ராம் (கரண்ட் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படம்), ஒவ்வொரு பேனலின் வயரிங் டிராயிங், ஏற்கனவே உள்ள சி.டி.க்களின் (கேபிளில் ஓடும் பெரிய கரண்டை மீட்டர் தாங்கும் அளவுக்குச் சிறிதாக்கித் தரும் வளையம்) ரேஷியோ, அதாவது எத்தனை ஆம்பியரை எத்தனையாகக் குறைக்கிறது என்பது, மீட்டர்கள் இருந்தால் அவற்றின் மாடல் எண். டயக்ராம் இல்லை, அல்லது பத்து வருடம் பழையது என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. எங்களுடையதில் இரண்டாவது ஆட்டோகோனரே (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) இல்லை. ஒரு நாள் ஒதுக்கி, பழைய எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பேனல் பேனலாக நடந்து பென்சிலால் திருத்துங்கள். எந்த ஃபீடர் (பேனலிலிருந்து மெஷின்களுக்குப் போகும் லைன்) எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் ரிட்டயர் ஆவதற்கு முன் செய்துவிடுவது நல்லது.

எத்தனை மீட்டர்? ஆசைக்கு 40 தோன்றும். ஐந்தில் ஆரம்பியுங்கள்: மெயின் இன்கமர் (மில்லுக்குள் கரண்ட் வரும் முதன்மை லைன்), கம்ப்ரஸர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (காற்றில் ஈரப்பதம் காப்பது), ஒரு ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஃபீடர், ஜெனரேட்டர். இந்த ஐந்தும் சரியாகப் பேச ஆரம்பித்த பிறகு மற்றதை அதே அச்சில் சேர்ப்பது சுலபம். நான் 14-ஐயும் ஒரே நேரத்தில் மாட்டினேன். எது தப்பு என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் போனது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இ.பி. மீட்டரைத் தொடாதீர்கள். அதில் சீல் இருக்கிறது. "அதிலேயே போர்ட் இருக்கிறது சார், நேரடியாக எடுத்துவிடலாம்" என்று சொல்பவர் வருவார். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், எல்.டி. மெயினில் உங்கள் சொந்தச் செக் மீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. மென்பொருள்: சொந்தமா, வாடகையா

இரண்டு வழி. வாடகை வழியில் கம்பெனிக்காரரே கேட்வே தந்து, அவருடைய கிளவுடில் டேட்டாவை வைத்துக்கொள்வார். மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. எனக்கு வந்த கொட்டேஷன் மீட்டருக்கு 250 ரூபாய். 14 மீட்டருக்கு வருடம் 42,000. சொந்த வழியில் மில்லிலேயே ஒரு மினி கம்ப்யூட்டர் வைத்து, நோட்-ரெட், இன்ஃப்ளக்ஸ்டிபி, கிராஃபானா போன்ற இலவச மென்பொருட்களைப் போட்டுக்கொள்ளலாம். நோட்-ரெட் மீட்டரைப் படிக்கும், இன்ஃப்ளக்ஸ்டிபி சேமிக்கும், கிராஃபானா படம் வரையும். திங்ஸ்போர்டு என்று எல்லாம் சேர்ந்த ஒன்றும் உண்டு.

இலவசம் என்றால் செலவில்லை என்று அர்த்தம் இல்லை. கம்ப்யூட்டரில் கொஞ்சம் கை வைக்கத் தெரிந்த ஒரு ஆள் மில்லில் இருக்க வேண்டும், அவர் விட்டுப் போனால் இன்னொருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் வாடகை வழியே மேல். நான் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் என் முதல் அனுபவம் வாடகைதான், அது நன்றாக முடியவில்லை. பெயர் வேண்டாம். ஏழு மாத டேட்டா சேர்ந்த பிறகு, புதுப்பித்தலில் ஒரு தகராறு வந்தது. லாகின் நின்றது. டேட்டாவைக் கேட்டால், "எக்ஸ்போர்ட் உங்கள் பிளானில் இல்லை" என்றார்கள். கேட்வேயும் அவர்கள் பூட்டியது, வேறு எங்கும் வேலை செய்யாது. அந்த ஏழு மாதக் கணக்கு இன்று வரை என்னிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் சொந்த வழிக்கு மாறி, முதலில் சொன்ன எட்டு மாதத்தை ஆரம்பித்தேன்.

அதனால் வாடகைக்குப் போகிறவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டியவை இவை: டேட்டா மில்லுக்குச் சொந்தம், எந்த நேரமும் எக்ஸெல் வடிவில் இறக்கிக்கொள்ளலாம், ஒப்பந்தம் முடிந்தாலும் 60 நாள் வரை எடுக்கலாம். கேட்வேயின் அட்மின் பாஸ்வேர்ட் மில்லிடம் இருக்க வேண்டும். நெட் போனால் கேட்வே எத்தனை நாள் டேட்டாவைத் தன்னிடமே சேர்த்து வைத்திருக்கும் என்பது எண்ணாக எழுதப்பட வேண்டும், "வைத்திருக்கும்" என்று வாயால் சொன்னால் போதாது. டெமோவில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "இப்போது அந்த நெட் கேபிளைப் பிடுங்கட்டுமா?" பிடுங்கி, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு மாட்டுங்கள். படத்தில் ஓட்டை விழுந்திருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

4. செலவு

நான் சொந்தமாகச் செய்தபோது ஆனது: ஆர்.எஸ்.485 உள்ள மீட்டர் ஒன்று 5,500 வீதம் 14, சி.டி. ஒன்று 600 வீதம் 42, ஷீல்டு உள்ள டுவிஸ்டட் பேர் கேபிள் மீட்டர் 55 ரூபாய் வீதம் 300 மீட்டர், கேட்வே 14,000, மினி கம்ப்யூட்டர் 28,000, அதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். 4,500, வயரிங் கூலி 35,000. மொத்தம் 2 லட்சம் சொச்சம், ஜி.எஸ்.டி. தனி. ஊருக்கும் பிராண்டுக்கும் ஏற்ப இது மாறும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: மீட்டர், சி.டி., வயர், கூலி இதில்தான் முக்கால் பங்கு. திரைக்கு ஆன செலவு சொற்பம்.

கம்ப்யூட்டரில் மிச்சம் பிடிக்க நினைத்து முதலில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை மெமரி கார்டோடு போட்டேன். நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்ததில் நாலாவது மாதம் கார்டு போனது. எஸ்.எஸ்.டி. உள்ளதாக வாங்குங்கள். பேனல் ரூமில் வைக்காதீர்கள், பஞ்சும் சூடும் சேர்ந்து ஃபேனை அடைத்துவிடும். ஆபீஸ் பக்கம் வையுங்கள்.

5. சி.டி. மாட்டும் நாள்

ஷட்டவுன் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. இ.பி.யின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், மில் எப்படியும் நிற்கும். ஆனால் அன்றைக்குத்தான் ஜெனரேட்டர் ஓடும். சிலருக்குக் கூரையில் சோலாரும் இருக்கும். இ.பி. இல்லை என்பதால் பேனல் செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்தால் ஆள் போய்விடும். லைசென்ஸ் உள்ள சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்து, பிரேக்கரைப் பூட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை.

முழு வளைய சி.டி. என்றால் கேபிளைக் கழற்றி உள்ளே விட வேண்டும். பிளந்து மூடும் ஸ்பிளிட் கோர் சி.டி. விலை அதிகம், வேலை சீக்கிரம், ஆனால் வாய் சரியாக மூடாவிட்டால் தப்பாகக் காட்டும். உள்ளே பஞ்சுத் தூசி சிக்காமல் பாருங்கள். ரேஷியோவை கேபிளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓடும் ஆம்பியரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 60 ஆம்பியர் ஓடும் ஃபீடருக்கு 400/5 போட்டால் ரீடிங் அடிமட்டத்தில் தள்ளாடும்.

லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரி வயரை (மீட்டருக்குப் போகும் வயர்) எக்காரணம் கொண்டும் திறந்து விடாதீர்கள். ஆபத்தான வோல்டேஜ் ஏறும். ஷார்ட் பண்ணும் வசதியுள்ள டெர்மினல் வழியாகவே மீட்டருக்குக் கொண்டுபோங்கள், பின்னால் மீட்டர் மாற்ற வேண்டி வந்தால் இதன் அருமை தெரியும்.

இனி ஒரு கதை. எங்கள் 55 கிலோவாட் கம்ப்ரஸர் முதல் நாள் 17 கிலோவாட் காட்டியது. புது மெஷின், நல்ல மிச்சம் என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம், சப்ளையருக்கு ஃபோன் போட்டுப் பாராட்டவும் செய்துவிட்டார். எனக்கு உறுத்தியது. கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் ஆம்பியர் முழுசாக ஓடுகிறது. விஷயம் இதுதான்: பி ஃபேஸ் சி.டி. திருப்பி மாட்டப்பட்டிருந்தது. இரண்டு ஃபேஸ் கூட்டல், ஒன்று கழித்தல், ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்கு. அந்த சி.டி.யின் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு வயரை இடம் மாற்றியதும் 51 வந்தது. முதலாளியிடம் அதைச் சொல்லப் போன நடை கொஞ்சம் நீளமாக இருந்தது.

எனவே மாட்டியவுடன் மீட்டர் டிஸ்ப்ளேயில் மொத்தத்தைப் பார்க்காமல், ஃபேஸ் ஃபேஸாகக் கிலோவாட்டைப் பாருங்கள். மூன்றும் பாசிட்டிவாக, கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். பவர் ஃபேக்டர் இரண்டு ஃபேஸில் விநோதமாக இருந்தால், ஆர் வோல்டேஜுக்கு ஒய் சி.டி.யும் ஒய் வோல்டேஜுக்கு ஆர் சி.டி.யும் போல மாறிப் போயிருக்கலாம்.

6. இரண்டே இரண்டு வயர்

ஆர்.எஸ்.485 பார்க்க அப்பாவி. ஒரு லைனில் சாதாரணமாக 32 மீட்டர் கருவிகளை, 1200 மீட்டர் தூரம் வரை தாங்கும். எங்களுடையது மொத்தமே 300 மீட்டருக்குள். ஆனாலும் மூன்று வாரம் அழ வைத்தது.

எலக்ட்ரீஷியனுக்குப் பழக்கம் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கிளை கிளையாகப் பிரிப்பது. லைட்டுக்கு அது சரி. இதற்கு முதல் மீட்டரிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று சங்கிலியாகத்தான் போக வேண்டும். சங்கிலியின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

எங்களுக்கு ஞாயிறு மில் நின்றபோது 14 மீட்டரும் அருமையாகப் பேசின. திங்கள் காலை ஃபிரேம்கள் ஓட ஆரம்பித்ததும் ஆறு மீட்டர் காணாமல் போயின. மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு திரும்பி வந்தன. பேய் பிடித்த மாதிரி இருந்தது. கேபிள் ட்ரேயில் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம் வயர் இன்வெர்ட்டர் டிரைவின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒன்றாகக் கட்டப்பட்டு 40 மீட்டர் போயிருந்தது. அந்தக் கேபிளில் வரும் இரைச்சலில் இது பேசினால் யாருக்குக் கேட்கும்? தனி ட்ரேக்கு மாற்றினோம், கிளைகளைச் சங்கிலியாக்கினோம், சரியானது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஏ, பி என்ற முனைப் பெயர்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல, ஒரு கம்பெனியின் ஏ இன்னொருவரின் பி. பேசாவிட்டால் முதலில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் எரியாது. அப்புறம் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி அட்ரஸ் கொடுங்கள், 1 முதல் 247 வரை எதுவும். எல்லாம் 1 என்றுதான் கடையிலிருந்து வரும். வேகம், பேரிட்டி (பிழை சோதிக்கும் அமைப்பு) எல்லா மீட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்ரஸை மார்க்கரால் மீட்டர் நெற்றியிலேயே எழுதிவிடுங்கள்.

7. ரிஜிஸ்டர் மேப்: கையில் இல்லாமல் மீட்டர் வாங்காதீர்கள்

மீட்டருக்குள் எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல்தான் ரிஜிஸ்டர் மேப். டீலரிடம் பணம் கொடுக்கும் முன் இந்த பி.டி.எஃப்-ஐ வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் "அனுப்புகிறோம் சார்" என்று ஒரு வாரம் போகும். எனக்கு 16 நாள் போனது, கடைசியில் வந்தது பழைய மாடலுடையது.

மேப் இருந்தும் எண் தப்பாக வரும் இடங்கள் மூன்று. மேனுவலில் 40101 என்று இருந்தால் மென்பொருளில் 100 என்று கொடுக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் 101. ஒன்று தள்ளிப் படித்தால் பக்கத்து வீட்டு எண் வரும். அடுத்து, வோல்டேஜ் போன்ற தசம எண்கள் இரண்டு ரிஜிஸ்டரில் பாதி பாதியாக இருக்கும். எந்தப் பாதி முதலில் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். மாறிப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? மீட்டர் சரியாக 230 காட்டும்போது திரையில் பூஜ்யம் வரும். 230.4 ஆனதும் 24 இலக்க எண் ஒன்று வரும். இப்படிப் பார்த்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள், மென்பொருளில் "வேர்ட் ஸ்வாப்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதை மாற்றுங்கள். மூன்றாவது சி.டி. ரேஷியோ. மீட்டரில் 200/5 கொடுத்துவிட்டு மென்பொருளிலும் 40-ஆல் பெருக்கினால், மில் ஊர் முழுவதற்கும் தேவையான கரண்டைத் தின்பது போலக் காட்டும். ஒரு இடத்தில் மட்டும் கொடுங்கள், மீட்டரில் கொடுப்பதே நல்லது.

யூனிட் கணக்குக்குக் கிலோவாட்டைக் கூட்டாதீர்கள். மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் மொத்த யூனிட் எண்ணைப் படித்து, முடிவு கழித்தல் ஆரம்பம் என்று எடுங்கள். நெட் இரண்டு மணி நேரம் போனாலும் கணக்கு தப்பாது.

ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கேட்டால் நேரம் போகும். 14 மீட்டர், ஆளுக்கு 15 எண் என்றால் 210 கேள்வி. 9600 வேகத்தில் கேள்விக்குப் பத்தில் ஒரு வினாடி வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 21 வினாடி. பக்கத்துப் பக்கத்தில் உள்ள ரிஜிஸ்டர்களைக் கட்டாக ஒரே கேள்வியில் படிக்கலாம், ஒரு கேள்வியில் 125 வரை அனுமதி உண்டு. அப்படி மாற்றியதும் எங்கள் சுற்று மூன்று வினாடிக்குள் வந்தது.

8. காலை ஐந்தரை மணி மர்மம்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், இதில் நான் ஒரு மாதம் முட்டாளாக இருந்தேன். தினசரி யூனிட் கணக்கு மில்லில் ரீடிங் எழுதும் நோட்டோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மாத மொத்தம் ஏறக்குறைய சரி. மீட்டரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், ரீடிங் எடுக்கும் பையனைக்கூடத் திட்டிவிட்டேன். கடைசியில் ஒரு நாள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டையும் காலை 5.30-க்கு ஆரம்பித்து மறுநாள் 5.30-க்கு முடிந்தது.

இன்ஃப்ளக்ஸ்டிபி போன்றவை நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) சேமிக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். "ஒரு நாள்" என்று கேட்டால் அது தன்னுடைய நாளைக் கொடுக்கிறது. வினவலில் ஏசியா/கொல்கத்தா நேரத்தைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் கணக்கு போடுபவர்கள் மூன்றாவது ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. பையனிடம் மன்னிப்பு கேட்டு ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொரு கடிகாரமும் இருக்கிறது, இ.பி. மீட்டருடையது. டிமாண்ட் என்பது ஒரு குறிப்பிட்ட இடைவெளியின் சராசரி. உங்கள் மீட்டரில் அது 15 நிமிடமா 30 நிமிடமா என்று இ.பி. அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மீட்டர் டிஸ்ப்ளேயில் ஓடும் நேரத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பாருங்கள். எங்களுக்கு நாலு நிமிடம். அந்த நாலை மென்பொருளில் சேர்த்த பிறகுதான் நாங்கள் கணித்த டிமாண்டும் பில்லில் வந்ததும் பக்கத்தில் வந்தன.

9. ஒரு பில் முழுசாக ஒத்துப்போகும் வரை யாருக்கும் காட்டாதீர்கள்

பில் ரீடிங் எடுத்த தேதி, நேரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, அதே இடைவெளிக்கு உங்கள் மெயின் மீட்டர் கணக்கை எடுங்கள். இ.பி. எச்.டி. பக்கம் அளக்கிறது, நீங்கள் எல்.டி. பக்கம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் நஷ்டம் இருப்பதால் உங்களுடையது கொஞ்சம் குறைவாக வர வேண்டும். எங்களுக்கு ஒன்றரை சதவீதம். உங்களுடையது அதிகமாக வந்தால் எங்கோ தப்பு.

காற்றாலை வைத்திருக்கும் மில்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். காற்றாலை யூனிட் கழித்த பிறகு வரும் எண்ணோடு ஒப்பிடக்கூடாது, மீட்டரில் பதிவான மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

மெயினும் சப் மீட்டர்களின் கூட்டுத்தொகையும் எவ்வளவு வித்தியாசம் என்றும் பாருங்கள். மீட்டர் போடாத லைட்டிங், ஹாஸ்டல் எல்லாம் அதில் இருக்கும். இதெல்லாம் ஒத்து வந்த பிறகு உற்பத்திக் கிலோவைச் சேர்த்து யு.கே.ஜி. போட்டுக் காட்டுங்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பது மில்லில் எல்லோருக்கும் புரியும் மொழி. ஆனால் கவுன்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்) மாறினால் யு.கே.ஜி.யும் மாறும், 40-ஐயும் 60-ஐயும் ஒரே கோட்டில் வைத்து ஸ்பின்னிங் மாஸ்டரிடம் காட்டினால் நியாயமாகவே சண்டைக்கு வருவார்.

10. அலாரம் குறைவாக, கன்ட்ரோல் அதைவிடக் குறைவாக

முதலில் 22 அலாரம் வைத்தேன். ஒரு ராத்திரியில் 60 மெசேஜ். இரண்டாவது வாரம் ஷிப்ட் சூப்பர்வைசர்கள் எல்லோரும் குரூப்பை மியூட் செய்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது மூன்றுதான்: டிமாண்ட் 570-ஐத் தாண்டும் போக்கு, பவர் ஃபேக்டர் 0.92-க்குக் கீழே 20 நிமிடம், கேட்வே பத்து நிமிடமாகப் பேசவில்லை. டிமாண்ட் அலாரம் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று பேனல் ரூம் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் எல்லா ஃபிரேமையும் ஒரே மூச்சில் போடும் பழக்கம் அந்தத் தாளால்தான் நின்றது.

ஃபோனிலிருந்து மோட்டாரை ஆன் ஆஃப் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும். செய்யாதீர்கள். ஃபிட்டர் மெஷினுக்குள் கை வைத்திருப்பது வீட்டில் ஃபோன் வைத்திருப்பவருக்குத் தெரியாது. எங்கள் மில்லில் வெப் வழியாகப் போகும் ஒரே கட்டளை, டிமாண்ட் எகிறும்போது இரண்டாவது கம்ப்ரஸரை நிறுத்துவது. அதுவும் பேனலில் உள்ள செலக்டர் ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தால் மட்டும். மறுபடி ஓட்டுவது கையால்தான். எமர்ஜென்சி ஸ்டாப், இன்டர்லாக் எதுவும் மென்பொருள் வழியாகப் போகக்கூடாது, நேர் வயரில்தான்.

11. வெளியிலிருந்து பார்க்க

மாட்பஸ்ஸுக்குப் பாஸ்வேர்ட் என்பதே கிடையாது. கேட்வேயின் 502 போர்ட்டை ரூட்டரில் திறந்து வைத்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். வி.பி.என். (வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வரும் தனி வழி) போடுங்கள், வயர்கார்டு என்ற மென்பொருள் போதும். மொபைல் சிம் வழி இன்டர்நெட் என்றால் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இருக்காது, போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. அங்கே டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சேவை கைகொடுக்கும். கிராஃபானா அட்மின், அட்மின் என்ற பெயர், பாஸ்வேர்டோடு வரும், முதல் நாளே மாற்றுங்கள். முதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர் எல்லோருக்கும் பார்க்க மட்டும் உரிமை. டேட்டாவை வாரம் ஒருமுறை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

பாஸ்வேர்ட், ரிஜிஸ்டர் மேப், அட்ரஸ் பட்டியல், சி.டி. ரேஷியோ, திருத்திய லைன் டயக்ராம் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, ஒரு பிரதி உங்களிடமும் ஒன்று ஆபீஸ் பீரோவிலும் இருக்கட்டும்.

12. முதல் லீவு நாள்

எல்லாம் சரியான பிறகு மில் முழுசாக நிற்கும் ஒரு நாள் வரும்வரை காத்திருந்து, அன்று ராத்திரி மெயின் மீட்டரைப் பாருங்கள். எங்களுக்கு அது பொங்கல். ஒரு ஃபிரேம்கூட ஓடவில்லை, ஆனால் வரைபடம் 31 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. கம்ப்ரஸர் மீட்டரைத் திறந்தால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பல் பல்லாக ஏறி இறங்கியது. யாரோ நிறுத்தாமல் போயிருக்கிறார்கள், காற்று எடுக்க ஆளில்லாமல் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. லீவு முடிந்த காலை ஃபிட்டர் சோப்புத் தண்ணீர் வாளியோடு பைப் லைன் முழுக்க நடந்தார். ஸ்பின்னிங் செக்‌ஷனில் மட்டும் 11 இடத்தில் நுரை வந்தது.